வெள்ளைக்காரன் காப்பாற்றினான் என்று சொல்லாதீர்கள்

போன மே மாதம் ஒரு நாள் பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரத்தைப் பார்க்கப் போயிருந்தோம். மகள் ஜெனிவாவில் இருக்கிறாள். மூன்று மாதம் அவள் வீட்டில் தங்கியிருந்த சமயம் அது. ஜெனிவாவிலிருந்து லியோனுக்கு ரயிலில் இரண்டு மணி நேரம்தான். காலையில் போய் ராத்திரி சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

அன்று மதியமே நாலைந்து படங்களை எங்கள் காலை நடை நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. "வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான் சார். ஐந்நூறு வருஷத்து வீட்டை எப்படி வெச்சிருக்கான் பாருங்க. நம்ம ஆளுங்களுக்கு இதோட அருமை எங்க தெரியுது?" அதற்குக் கீழே பதினோரு கட்டைவிரல்கள்.

பன்னிரண்டாவது கட்டைவிரல் என்னுடையது. அதை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மேலே எழுத வேண்டும். அன்று மதியம் நானும் அதைத்தான் நினைத்தேன். சாயங்காலத்துக்குள் அந்த நினைப்பு ஆட்டம் கண்டது. ஊர் திரும்பிக் கொஞ்சம் படித்த பிறகு முழுதாகவே விழுந்துவிட்டது. அந்த வாக்கியம் பொய் என்பது ஒரு பக்கம். அது நமக்கு ரொம்பச் சௌகரியமான பொய் என்பதுதான் என் சண்டை.

லியோனுக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான். மகள் பாரிஸைக் காட்டுகிறேன் என்றாள். எனக்கு லியோன் வேண்டும் என்றேன். காரணம் ஜக்கார்டு பெட்டி. என் அப்பா காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டுத்தறி நெய்தவர். தறிக்கு மேலே அந்தப் பெட்டி உட்கார்ந்திருக்கும். ஓட்டை போட்ட அட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்பித் திரும்பி விழும். அந்தச் சத்தத்தில்தான் நான் எஸ்.எஸ்.எல்.சி.க்குப் படித்தேன். பின்னால் வாத்தியாராகி முப்பத்து நாலு வருஷம் பாடம் நடத்தினேன். அப்பா கடைசி வரை அதை 'ஜாக்காட்டு' என்றுதான் சொல்வார். அது ஒரு மனிதரின் பெயர் என்றோ, 1752இல் லியோனில் பிறந்தவர் என்றோ அவருக்குத் தெரியாது. எனக்கே நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

ரயில் பார்தியு என்ற நிலையத்தில் நின்றது. வெளியே வந்தால் கான்கிரீட். நடுவில் பென்சிலைச் சீவி நிறுத்தியது போல ஓர் உயரமான கட்டடம். ஊர்க்காரர்களும் அதைப் பென்சில் என்றே சொல்கிறார்களாம். "இதையா பார்க்க வந்தோம்?" என்றாள் என் மனைவி. அந்தக் கேள்வியில் இருந்த விஷயம் எனக்கு அப்போது புரியவில்லை.

மெட்ரோ பிடித்து சோன் நதியின் அக்கரையில் இறங்கினோம். பழைய லியோன். அங்கே போனதும் பென்சில் மறந்துவிட்டது. ஆற்றுக்கும் மலைக்கும் நடுவே ஒடுங்கிய தெருக்கள். பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டு வீடுகள், நாலு மாடி ஐந்து மாடி. காவி, மஞ்சள், ரோஜா நிறச் சுவர்கள். அந்தக் காலத்தில் வருஷத்துக்கு நாலு பெரிய சந்தை கூடிய ஊர் இது. இத்தாலியிலிருந்து வந்த வட்டிக்கடைக்காரர்களும் வியாபாரிகளும் கட்டிய வீடுகள் பல.

தெருக்கள் ஆற்றுக்கு இணையாக நீளமாக ஓடுகின்றன, குறுக்குச் சந்துகள் குறைவு. அதனால் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு வீடுகளுக்குள்ளேயே புகுந்து போகும் வழி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் த்ரபூல். சென் ழான் தெருவில் 54ஆம் எண் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தோம். இருட்டு நடை, பிறகு ஒரு முற்றம், மறுபடி நடை, மறுபடி முற்றம். கடைசியில் பஃப் தெருவில் 27ஆம் எண் கதவு வழியாக வெளியே வந்தோம். பழைய லியோனில் இதுதான் நீளமான த்ரபூல். முற்றத்தில் நின்று அண்ணாந்தால் சுழல் படிக்கட்டுக் கோபுரம், மாடிக்கு மாடி வளைவு வைத்த தாழ்வாரம். யாரோ கொடியில் துணி உலர்த்தியிருந்தார்கள். கதவுக்கருகே தபால் பெட்டிகள், ஒரு குழந்தையின் மிதிவண்டி. ஆட்கள் குடியிருக்கிற வீடு அது.

யுய்வரி தெருவில் 8ஆம் எண் வீட்டு முற்றத்துக்கு மகள் கூட்டிப் போனாள. ஃபிலிபேர் டெலோர்ம் என்ற கட்டடக் கலைஞர் 1536இல் கட்டிய தாழ்வாரம் அங்கே இருக்கிறது. கிணற்றை நகர்த்தாமல், முற்றத்தை அடைக்காமல், சுவரிலிருந்து அந்தரத்தில் நீட்டிக் கட்டியிருக்கிறார். இருக்கிற இடுக்கில் இருப்பதைக் கெடுக்காமல் கட்டிய சாமர்த்தியம். அங்கே எடுத்த படத்துக்குத்தான் பதினோரு கட்டைவிரல் விழுந்தது.

பிறகு மாப்பிள்ளை ஒன்று சொன்னார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. "மாமா, இதையெல்லாம் இடிச்சிட்டு ரோடு போடறதா இருந்தாங்க. அறுபது வருஷம்தான் ஆகுது."

நான் நம்பவில்லை. ஊர் திரும்பிப் படித்துப் பார்த்தேன். உண்மைதான்.

1957 முதல் 1976 வரை லியோனின் மேயராக இருந்தவர் லூயி ப்ரடெல். கார்களின் காலம் வந்துவிட்டது, ஊரை அதற்கு ஏற்றபடி மாற்ற வேண்டும் என்று நம்பியவர். பழைய லியோனின் நடுவே சாலை கொண்டுபோகும் யோசனை அவர் காலத்தில் இருந்தது. அதில் ஏராளமான பழைய வீடுகள் போயிருக்கும். ப்ரடெல் வெளிநாட்டுக்காரர் அல்ல. ஊர்க்காரர்களே மறுபடி மறுபடி ஓட்டுப் போட்டு உட்கார வைத்தவர், பதவியில் இருக்கும்போதே இறந்தவர்.

அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. நான் பார்த்த காவிச் சுவர்கள் 1950களில் கரி படிந்து கிடந்தன. இத்தாலியிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் பிழைக்க வந்த ஏழைகள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த பகுதி. ஈரச் சுவர், பொதுக் கழிப்பறை, வெளிச்சம் வராத அறை. "இந்தக் குப்பத்தை இடித்துவிட்டுச் சுகாதாரமாகக் கட்டுவோம்" என்று சொன்னவர்களைக் கலை உணர்வு இல்லாத மூடர்கள் என்று சொல்லிவிட முடியாது. அந்த வீட்டில் குடியிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

எதிர்த்து நின்றது யார்? ஊர் மொத்தமும் அல்ல. 1946இல் தொடங்கிய ஒரு சின்னச் சங்கம். பழைய லியோன் மறுமலர்ச்சிச் சங்கம் என்று சொல்லலாம். அவர்கள் வருஷக்கணக்கில் நச்சரித்தார்கள். கடைசியில் உதவி பாரிஸிலிருந்து வந்தது. எழுத்தாளர் ஆந்த்ரே மால்ரோ அப்போது பண்பாட்டு அமைச்சர். 1962 ஆகஸ்டில் அவர் பெயரால் அறியப்படும் சட்டம் வந்தது. அதுவரை சட்டம் பெரும்பாலும் ஒரு தேவாலயம், ஒரு கோட்டை என்று தனித்தனிக் கட்டடங்களைத்தான் பார்த்தது. இந்தச் சட்டம் ஒரு பேட்டையையே முழுதாகக் காக்க வழி செய்தது. 1964இல் பிரான்சிலேயே முதன்முதலாக அதன் கீழ் வந்தது பழைய லியோன். யுனெஸ்கோ பட்டியலில் லியோன் சேர்ந்தது 1998இல்தான்.

சட்டம் என்ன செய்தது? அந்த எல்லைக்குள் ஒரு ஜன்னலை மாற்றுவதானாலும் அரசு கட்டடக் கலைஞரின் ஒப்புதல் வேண்டும். இது கட்டுப்பாடு. கட்டுப்பாடு மட்டும் போட்டால் வீட்டுக்காரன் வீட்டைத் தானாக விழும்படி விட்டுவிடுவான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பழுதுபார்க்கும் செலவுக்குப் பிற்பாடு வருமான வரியில் சலுகை வந்தது. த்ரபூல்களில் இன்னொரு ஏற்பாடு. சில வீட்டுக்காரர்கள் பகலில் கதவைத் திறந்து வைக்கச் சம்மதித்திருக்கிறார்கள். பதிலுக்கு நடையின் விளக்கையும் துப்புரவையும் நகராட்சி கவனித்துக்கொள்கிறது. நான் தள்ளிக்கொண்டு போன அந்தக் கதவுக்குப் பின்னால் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம் இருந்திருக்கிறது.

சண்டை போடாத இடத்தில் என்ன ஆனது? ரோனுக்கும் சோனுக்கும் நடுவில் உள்ள நகர மையத்தில் 1850களில் பழைய தெருக்களை இடித்துத்தான் நேரான பெரிய வீதி போட்டார்கள். அதற்கு முன்னாலும் அப்படியே. சென் ழான் பேராலயத்தைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கியபோது, மேலே மலையில் இடிந்து கிடந்த ரோமானியர் காலக் கல்லை எடுத்து வந்து போட்டிருக்கிறார்கள். நாம் வாய் பிளந்து பார்க்கும் கோயிலே இன்னொன்றின் இடிபாட்டில் எழுந்தது.

பழைய லியோன் தப்பியது, ஆனால் நெடுஞ்சாலை வராமல் போகவில்லை. 1971இல் ஃபூர்வியேர் மலையைக் குடைந்து சுரங்கப் பாதை திறந்தார்கள். பாரிஸிலிருந்து தெற்குக் கடற்கரைக்குப் போகும் வாகனமெல்லாம் ஊர் நடுவே ஓடியது. பெராஷ் ரயில் நிலையத்துக்கு முன்னால் 1976இல் ஒரு மாபெரும் கான்கிரீட் மாற்று நிலையம் எழுந்து, வீதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஊருக்குள் ஓடிய அந்தச் சாலைக்கு இருந்த நெடுஞ்சாலை என்ற தகுதியை 2016இல் நீக்கினார்கள். நாற்பத்தைந்து வருஷம் கழித்து வந்த ஞானோதயம். நான் அன்று முதலில் பார்த்த பென்சில் கோபுரமும் 1970களின் பிள்ளைதான்.

ஆக அந்த ஊரில் இடித்ததும் வெள்ளைக்காரன்தான், காத்ததும் வெள்ளைக்காரன்தான். ரத்தத்தில் வருகிற குணமாக இருந்தால் ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒன்றும் அந்தக் கரையில் ஒன்றுமாக இருக்காது.

மத்தியானம் இழுவை ரயிலில் ஃபூர்வியேர் மலை ஏறினோம். உச்சியில் 1872இல் கட்ட ஆரம்பித்த வெள்ளை பசிலிக்கா, நான்கு மூலைக்கு நான்கு கோபுரம். 'கவிழ்ந்து கிடக்கிற யானை' என்று லியோன்காரர்களே அதைக் கிண்டல் செய்வார்களாம். என் மனைவிக்கு மட்டும் அது ரொம்பப் பிடித்துவிட்டது. அந்த மலையை 'பிரார்த்தனை செய்கிற மலை' என்பார்கள். எதிரே தெரியும் க்ருவா ரூஸ் 'உழைக்கிற மலை'. நான் வந்தது அந்த இரண்டாவது மலைக்காக.

க்ருவா ரூஸில் சிற்பமோ சுழல் கோபுரமோ இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பட்டு நெசவாளிகளுக்காக வரிசையாகக் கட்டிய அடுக்கு வீடுகள். அவர்களைக் கனூ என்பார்கள். ஜன்னல் உயரம், உள்ளே கூரை அதைவிட உயரம், ஏறக்குறைய 4 மீட்டர். ஒரு வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். மகள் கைப்பேசியில் விவரம் தேடிக்கொண்டிருந்தாள். அதற்குள் என் மனைவி சொல்லிவிட்டாள்: "ஏங்க, இவ்வளவு உசரம் எதுக்கு? ஜக்கார்டு பெட்டி வெக்கத்தானே?"

அவளும் நெசவாளி வீட்டுப் பெண். வேறு யார் சொல்ல வேண்டும்? தறி மேல் பெட்டி, பெட்டிக்கு மேல் கை போக இடம், சாயம் சரியாகத் தெரிய வெளிச்சம், அதே அறையில் பரண் போட்டுப் படுக்கை. தறியை அளந்து அதைச் சுற்றி வீட்டைக் கட்டியிருக்கிறார்கள். எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது. அங்கே மேலே மேலே அடுக்கினார்கள், இங்கே குழி வெட்டிக் காலைத் தொங்கவிட்டோம்.

அந்த மலையின் கதை இனிமையானது அல்ல. 1831 நவம்பரில் கூலிக்குக் குறைந்தபட்ச விலை கேட்டுக் கனூக்கள் எழுந்தார்கள். ஒப்புக்கொண்ட விலையை வியாபாரிகள் மறுத்ததுதான் காரணம். சில நாட்கள் நகரமே அவர்கள் கையில் இருந்தது. பிறகு ராணுவம் வந்தது. 1834இல் மறுபடி எழுந்தபோது ரத்தம் ஓடியது. இன்று அந்த உயரக் கூரை வீடுகளுக்கு நல்ல கிராக்கி. நெசவாளி படுத்த பரணில் இப்போது வசதிக்காரர்கள் கட்டில் போட்டிருக்கிறார்கள். தறியைப் பார்க்க வேண்டுமானால் டிக்கெட் வாங்கிக்கொண்டு காட்சியகத்துக்குப் போக வேண்டும். ஜக்கார் ஐயா சதுக்கத்தில் சிலையாக நிற்கிறார். லியோனை முழு வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். அங்கே வீடு நிற்கிறது, தறி போய்விட்டது. எங்கள் ஊரில் இன்னும் தறி ஓடுகிறது, வீடுகள் போய்க்கொண்டிருக்கின்றன.

இனி என் கதை. 2004இல் அப்பா வீட்டை இடித்தோம், நானும் அண்ணனும். ஓட்டு வீடு, திண்ணை, ஆறு தேக்குத் தூண், முற்றம், தறிக்குழி. அப்பா போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி, கழிப்பறை கொல்லைக் கோடியில். மழை வந்தால் நாலு இடத்தில் பாத்திரம் வைக்க வேண்டும். பழுதுபார்க்கலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். கடன் கேட்டுப் போன இடத்தில், "பழைய ஓட்டு வீட்டுக்கு ரிப்பேர் லோன் கிடையாது சார், இடிச்சுக் கட்டினா தரோம்" என்றார்கள். ஓடு மாற்றத் தெரிந்த கொத்தனாரைத் தேடினோம். கிடைத்தவருக்கு எழுபது வயது, கை நடுங்கியது. இடிப்பதற்கு மட்டும் மறுநாளே ஆள் வந்தது. தூண்களைப் பழைய மரக்காரர் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். அந்தப் பணத்தில் புதுக் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டினோம்.

அருமை தெரியாமலா இடித்தோம்? லாரி கிளம்பும்போது அண்ணன் ஒரு தூணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை நான் பார்த்தேன். அருமை தெரிந்திருந்தது. கடனும் கொத்தனாரும் இல்லை. 'இதை இடிக்காதே, செலவில் ஒரு பங்கு நான் தருகிறேன்' என்று சொல்ல ஒரு சட்டமும் இல்லை. நச்சரிக்க ஒரு சங்கமும் இல்லை. அந்தச் சங்கத்தில் சேர வேண்டிய வயதில், படிப்பில், ஓய்வூதியத்தில் இருந்தவர்கள் நாம்தான். நாம் அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம்? "நம்ம ஆளுங்களுக்கு அருமை தெரியாது" என்று காலை நடையில் பேசிக்கொண்டிருந்தோம்.

அதனால்தான் அந்த வாக்கியத்தின் மேல் எனக்கு இவ்வளவு கோபம். பார்வைக்கு அது தன்னடக்கம் போல இருக்கும். உண்மையில் கையைக் கழுவிக்கொள்கிற வேலை அது. குறை இனத்தின் குணம் என்றால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. மனுப் போட வேண்டாம், கூட்டம் போட வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் இடிக்கும்போது போய்ப் பேச வேண்டாம். பெருமூச்சு விட்டுவிட்டுக் காபி குடிக்கப் போகலாம்.

"அவங்ககிட்ட பணம் இருக்கு சார்" என்பீர்கள். பணம் வேண்டும்தான். ஆனால் அந்தச் சங்கம் ஆரம்பித்தது 1946இல். உலகப் போர் முடிந்து ஒரு வருஷம். போரின் கடைசியில் பின்வாங்கிய ஜெர்மன் படை லியோனின் பாலங்களை வெடி வைத்துத் தகர்த்துவிட்டுப் போயிருந்தது. அப்படிப்பட்ட காலத்தில், இருண்ட குடியிருப்பு என்று எல்லோரும் கைவிட்ட வீடுகளுக்காக உட்கார்ந்து மனு எழுதினார்கள். பணம் பின்னால் வந்தது.

போன வாரம் சித்தப்பா மகன் போன் பண்ணினான். அவர்கள் வீடு எங்கள் தெருவில் மிச்சம் இருக்கும் இரண்டு ஓட்டு வீடுகளில் ஒன்று. "அண்ணா, மழைக்கு முன்னாடி இடிச்சிடலாம்னு இருக்கோம். நீ என்ன சொல்ற?" என்றான்.

இடிக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் இடித்தவன். அவன் மனைவியும் கொல்லைக் கோடிக்குத்தான் நடக்கிறாள். "ஆடி முடியட்டும், நான் வரேன்" என்றேன். குளியலறையையும் கழிப்பறையையும் மட்டும் பின்கட்டில் புதிதாகக் கட்டி, முன்பக்கத்தைப் பழுதுபார்த்தால் என்ன செலவு ஆகும் என்று கணக்குப் போடப் போகிறேன். ஓடு மாற்றுகிற ஆளை வாலாஜாபாத் பக்கம் விசாரித்திருக்கிறேன். கணக்கு ஒத்து வரலாம், வராமலும் போகலாம். ஒத்து வராவிட்டால் இடிப்பதற்கு முன் அந்த வீட்டை முழம் விடாமல் அளந்து, வரைந்து, படம் எடுத்து வைப்பேன். எங்கள் வீட்டுக்கு நான் அதைக்கூடச் செய்யவில்லை.

உங்கள் தெருவிலும் ஒரு வீடு இருக்கும். கட்டைவிரல் போட்ட பதினோரு பேரையும்தான் கேட்கிறேன். பழுதுபார்க்கக் கடன் கேட்டு ஒரு மனு, சொத்து வரியில் சலுகை கேட்டு ஒரு மனு. இரண்டிலும் கையெழுத்துப் போட வருவீர்களா? மனுவை நான் எழுதுகிறேன். முப்பத்து நாலு வருஷம் கரும்பலகையில் எழுதிய கை, இன்னும் நடுங்க ஆரம்பிக்கவில்லை.